எஞ்சின் பிளாக்கில் நான் அடித்த ஆப்பு

(பழைய மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "வெற்றிக் கதை சொல்ல நிறையப் பேர் இருக்காங்கப்பா. நீ பட்டறைக்காரன், பசங்களுக்குப் பிரயோஜனமா ஏதாவது டெக்னிக்கலாப் பேசு" என்றார். அதனால் வெற்றிக் கதை சொல்லும் தொல்லை எனக்கு இல்லை. இந்த மேசையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேனே, இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். துணியை எடுக்கிறேன். இது ஒரு எஞ்சின் பிளாக். அலுமினியம் என்பதால் நானே தூக்கி வந்துவிட்டேன். வார்ப்பிரும்பாக இருந்தால் இரண்டு ஜூனியர் பையன்களின் இடுப்பு பிடித்திருக்கும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஒரு பம்ப் கம்பெனியில் ஏழு வருஷம் இருந்தேன். 2001-ல் கோவை கணபதியில் சொந்தமாக ரீபோரிங், ஹோனிங், கிராங்க் கிரைண்டிங் பட்டறை போட்டேன். கோயமுத்தூரில் பட்டறை வைத்தால் ரேஸ் பைத்தியம் தானாகப் பிடித்துக்கொள்ளும். மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டிய கரிவரதன் அவர்களின் ஊர் அது. 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். 2003-ல் செட்டிபாளையத்தில் அவர் பெயரில் ரேஸ் டிராக் வந்தது. அதற்குப் பிறகு லாரிக்காரர்களுக்கு நடுவே, "அண்ணா, கொஞ்சம் பவர் ஏத்தித் தாங்க" என்று இளவட்டங்களும் வர ஆரம்பித்தார்கள்.

சரி, பிளாக்குக்கு வருவோம். மேலே இருந்து பாருங்கள். நான்கு சிலிண்டர்களும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அவற்றைச் சுற்றி அகழி மாதிரி ஒரு பள்ளம். அதுதான் வாட்டர் ஜாக்கெட். அந்த அகழிக்கு மேல்மூடி கிடையாது. சிலிண்டரின் மேல் விளிம்புக்கும் பிளாக்கின் வெளிச்சுவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைத்தான் ஓப்பன் டெக் என்கிறோம். அகழிக்கு மேல் உலோகக் கூரை போட்டு, தண்ணீர் போக மட்டும் ஓட்டை விட்டிருந்தால் அது குளோஸ்டு டெக். இரண்டுக்கும் நடுவே அங்கங்கே பாலம் விட்டு வார்ப்பதும் உண்டு, சுபாரு எஸ்.டி.ஐ. வண்டியின் இ.ஜே.257 எஞ்சின் அந்த ரகம்.

ஏன் மூடியில்லாமல் செய்கிறார்கள்? கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். மூடி இருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாக்க மணல் கோர் வைத்து வார்க்க வேண்டும், பிறகு அந்த மணலை உதிர்த்து எடுக்க வேண்டும். மூடி இல்லையென்றால் இரும்பு அச்சையே மேலிருந்து உள்ளே விட்டு, உயர் அழுத்தத்தில் அலுமினியத்தைச் செலுத்தி, உறைந்ததும் அச்சை மேலே உருவி விடலாம். இட்லித் தட்டு மாதிரி வேலை சரசரவென்று முடியும். இன்னொரு லாபம், சிலிண்டரில் அதிகம் சூடாகும் மேல் பாகத்தைத் தண்ணீர் முழுசாகச் சுற்றி வருகிறது. ஆக, தினமும் ஆபீஸ் போய் வரும் காருக்கு இது நல்ல டிசைன்தான். அமெரிக்காவில் 1971 மாடலாக வந்த ஷெவர்லே வேகா, ஓப்பன் டெக் அலுமினிய பிளாக், லைனரே கிடையாது என்று வந்து, சூடேறிக் கெட்ட பெயர் வாங்கியது. ஆனால் அதே ஓப்பன் டெக்கில் இரும்பு லைனர் வைத்து ஹோண்டா செய்த எஞ்சின்கள் லட்சக்கணக்கில் ஒழுங்காக ஓடின. குறை வடிவத்தில் இல்லை, நாம் அதனிடம் என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இப்போது எஸ்.ஓ.எம். வகுப்பை ஒரு நிமிஷம் நினைவுபடுத்துங்கள். நம் சார் கரும்பலகையில் ஒரு பக்கம் கோடு கோடாகக் கீறிவிட்டு, "இது சுவர், இது கான்டிலீவர்" என்பாரே. அந்தப் படத்தை நிமிர்த்தி வையுங்கள். இந்த சிலிண்டர்தான். கீழே பிடிப்பு, மேலே சுதந்திரம். "மேலே ஹெட் இருக்கிறதே, அது பிடித்துக்கொள்ளாதா?" என்று கேட்பீர்கள். ஹெட் கேஸ்கட் வழியாக மேலிருந்து அழுத்துகிறது, அவ்வளவுதான். பக்கவாட்டில் அசையாமல் இருப்பது உராய்வின் தயவில்.

அந்த மேல் நுனியில் எவ்வளவு பாரம்? இந்த எஞ்சின், இந்தியாவில் 2000 முதல் 2003 வரை வந்த ஹோண்டா சிட்டி விடெக். 1493 சி.சி., போர் 75 மி.மீ., கம்பெனி கொடுத்த சக்தி 106 ஹெச்.பி. எரியும்போது உச்ச அழுத்தம் 80 பார் என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் தலையில் ஏறத்தாழ 3.6 டன் உட்காருகிறது. அப்போது கனெக்டிங் ராடு லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால் பாரத்தில் சுமார் 8 சதவீதம் பக்கவாட்டில் திரும்பி சிலிண்டர் சுவரைத் தள்ளுகிறது. கிட்டத்தட்ட 290 கிலோ. டர்போ போட்டு உச்ச அழுத்தத்தை 120 பாருக்குக் கொண்டுபோனால் அது 430 கிலோ ஆகும். 7000 ஆர்.பி.எம்.மில் ஒரு சிலிண்டரில் இது நிமிஷத்துக்கு 3500 தடவை. இது போக, வாயு அழுத்தம் சிலிண்டரைச் சுற்றளவில் வேறு விரிக்கிறது. ஒவ்வொரு தடவையும் அசைவு மைக்ரான் கணக்கில்தான். ஆனால் கேஸ்கட்டுக்கு அது மேல் காலைத் தேய்த்துக்கொண்டே நிற்கிற மாதிரி. நாளடைவில் கேஸ்கட் விடும், இல்லையென்றால் லைனர் விரியும்.

இனி என் கதை. 2009-ல் ஒரு தம்பி வந்தான். ஒரு மில்லில் மெயின்டெனன்ஸ் வேலை. மூன்று வருஷச் சேமிப்பு, பைக் விற்ற காசு எல்லாம் போட்டு ஒரு பழைய சிட்டி விடெக் வாங்கி, டர்போ கிட்டும் வாங்கி வைத்திருந்தான். சக்தியை ஏறத்தாழ இரு மடங்காக்கி டிராக்கில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. "அண்ணா, பிளாக்க மட்டும் நீங்க ஸ்ட்ராங் பண்ணிக் குடுத்துருங்க. மத்தது நான் பாத்துக்கறேன்" என்றான்.

வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பிளாக் கார்டு என்று ஒன்று பார்த்திருந்தேன். அகழியின் மேல் பகுதி வடிவத்துக்கே வெட்டிய அலுமினியத் தகடு, அதில் தண்ணீர்த் துளைகள். அதை அகழிக்குள் இறக்கிவிட்டால் சிலிண்டர் நுனிக்கும் வெளிச்சுவருக்கும் பாலம் கிடைத்துவிடும். கான்டிலீவரின் நுனிக்கு முட்டுக் கொடுத்தாயிற்று! இதைவிட எளிது வேறு என்ன? நண்பரின் வி.எம்.சி. மெஷினில் 12 மி.மீ. தகட்டை நானே வெட்டினேன். அதற்கு முன்பே சிலிண்டர்களை போர் செய்து, ஹோன் செய்து, ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு 0.07 மி.மீ. கிளியரன்ஸ் வைத்துக் கண்ணாடி மாதிரி முடித்திருந்தேன். தகடு கொஞ்சம் டைட். டைட்டாக இருந்தால்தானே பலம்? நைலான் சுத்தியல் எடுத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன்.

எங்கள் மேஸ்திரி பக்கத்தில் நின்று பார்த்தார். எட்டாவது வரை படித்தவர், அப்போதே அறுபது வயது. "தம்பி, அடிச்சா எறங்கிப் போயிரும்ங்க. ஆனா எது நகந்து எடங் குடுத்துச்சுன்னு பாத்தீங்களா?" என்றார். நான் இன்ஜினியர் அல்லவா? "ஒண்ணும் ஆகாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு ஹெட்டைப் பூட்டப் போய்விட்டேன்.

600 கிலோமீட்டர் ரன்னிங்-இன் ஓட்டுவதற்குள் நீலப்புகை. ஆயில் தின்கிறது. தம்பி பதறிக்கொண்டு போன் செய்தான். இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன். வண்டியைப் பிரிக்காமலே, "எனக்கு ட்யூனிங் மேலதாம்பா சந்தேகம். பெட்ரோல் கம்மியாப் போய் லீன் ஆகியிருக்கும்" என்று சொல்லிவிட்டேன். எலெக்ட்ரானிக்ஸ் வேலை செய்தது வேறொரு பையன். இவன் நேரே அவனிடம் போய்ச் சண்டை போட்டிருக்கிறான். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து எஞ்சினைப் பிரித்தோம். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரில் மேல் பக்கம் கோடு கோடாக ஸ்கஃப். பிஸ்டன் ஸ்கர்ட்டிலும் அதே. மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. போர் டயல் கேஜை எடுத்து, ஜீரோ வைத்து, என் கையில் கொடுத்தார். கிராங்க் வாட்டத்தில் 0.03 பெரிசு. அதற்குக் குறுக்கே, பிஸ்டன் தள்ளுகிற வாட்டத்தில், 0.045 சின்னது. டெக்கிலிருந்து 30 மி.மீ. கீழே வரைக்கும் அந்த நெளிவு இருந்தது. வட்டம் முட்டையாகிவிட்டது. 0.07 கிளியரன்ஸில் 0.045 போனால் மிச்சம் 0.025. சூட்டில் விரிகிற ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு அது எங்கே போதும்? ரிங்கும் முட்டையைச் சுற்றி அணைக்காது. ஆயில் மேலே வரத்தான் செய்யும்.

ஏன் இப்படி ஆயிற்று என்று இரவு பிளாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சற்று முன் இரும்பு அச்சை மேலே உருவுவார்கள் என்று சொன்னேன் அல்லவா? அச்சு சுலபமாக வெளியே வர, அதற்குக் கொஞ்சம் சரிவு கொடுத்திருப்பார்கள். நாம் பாடத்தில் படித்த டிராஃப்ட்தான். அதாவது இந்த அகழி மேலே அகலம், கீழே போகப் போகக் குறுகல். நேர்ச்சுவர் கொண்ட தகட்டை அதில் அடித்து இறக்கினால் அது ஆப்பு. வெளிச்சுவர் விலா வைத்துக் கனமாக இருக்கிறது, அது நகராது. மெலிந்த சிலிண்டர்தான் உள்ளே வளைந்து இடம் கொடுத்தது. பலப்படுத்துகிறேன் என்று, நாளைக்கு வரவிருந்த 430 கிலோவை நானே இன்றைக்கு நிரந்தரமாக ஏற்றி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு பையன்களுக்கும் போன் செய்து பட்டறைக்கு வரச் சொன்னேன். கேஜைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னேன். "ட்யூனிங்ல தப்பில்ல, தப்பு என்னோடது" என்றேன். ட்யூனிங் பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டிக்காரத் தம்பிதான் "முன்னாடியே அளந்திருக்கலாமேங்கண்ணா" என்றான். வேறு பிளாக், பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் என் செலவு. அந்த வருஷ தீபாவளிக்கு வீட்டில் புதுத்துணி கொஞ்சம் குறைந்தது.

இரண்டாவது தடவை எப்படிச் செய்தோம் என்பதைத் தம்பிமார்கள் கவனியுங்கள். முதலில் அகழியை நான்கு ஆழத்தில், சிலிண்டர் சிலிண்டராக அளந்தோம். வார்ப்பு என்பதால் இடத்துக்கு இடம் வித்தியாசம் இருந்தது. தகட்டின் பக்கங்களுக்கும் அதே சரிவைக் கொடுத்தோம். ப்ளூ தடவி வைத்துப் பார்த்து, பட்ட இடத்தை மேஸ்திரி கையாலேயே ராவினார். மூன்று நாள் அந்த ஒரு வேலைதான். பிளாக்கைச் சூடாக்கி, சுத்தியல் இல்லாமல் கையால் அழுத்தி உட்கார வைத்தோம். ஹெட் கேஸ்கட்டை மேலே வைத்துத் தண்ணீர்த் துளைகள் ஒவ்வொன்றும் நேராக வருகிறதா என்று பார்த்து, எக்ஸாஸ்ட் பக்கத் துளைகளைப் பெரிசாக்கினோம். சூடான இடத்துக்குத் தண்ணீர் போகாமல் நாமே அடைத்துவிட்டால் அப்புறம் என்ன பலம்? பிறகு டெக்கை லேசாக மில்லிங்கில் ஓட்டி மட்டம் செய்தோம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் போரிங்கும் ஹோனிங்கும். வரிசை மாறினால் எல்லாம் வீண். ஹோனிங்கின்போது 50 மி.மீ. எஃகுத் தகடு ஒன்றை, பழைய கேஸ்கட் வைத்து, ஹெட் போல்ட்டுக்குரிய டார்க்கிலேயே பூட்டினோம். டார்க் பிளேட் என்பது அதுதான். ஹெட்டைப் பூட்டும்போது சிலிண்டர் எப்படி நெளியுமோ, அந்த நெளிந்த நிலையிலேயே வட்டமாக்கிவிட்டால், ஓடும்போது வட்டமாக இருக்கும். கழற்றி அளந்தால் லேசாகக் கோணலாகத் தெரியும், பயப்படக் கூடாது.

அந்த எஞ்சின் இரண்டு சீசன் டிராக்கில் ஓடியது. ஒரு வருஷம் கழித்துப் பிரித்து அளந்தபோது எங்கேயும் 0.01-க்கு மேல் வித்தியாசம் இல்லை.

மற்ற வழிகளையும் கேட்பீர்கள். வெளிச்சுவரில் துளையிட்டு மரை போட்டு, போல்ட் நுனி சிலிண்டரைத் தொடுகிற மாதிரி நாலாபக்கமும் முட்டுக் கொடுப்பது ஒன்று. செலவு குறைவு. ஆனால் ஒவ்வொரு போல்ட்டும் ஒரு விரல் மாதிரி ஓர் இடத்தில் குத்துகிறது. என் மேசையில் நடந்த தப்பு அங்கே எட்டு இடத்தில் நடக்கலாம். அகழியில் பாதி வரை சிமென்ட் மாதிரிக் கலவையை ஊற்றி நிரப்புவது இன்னொன்று. சில வினாடி ஓடும் டிராக் ரேஸ் வண்டிக்குச் சரி. கோவையிலிருந்து பாலக்காடு போகிற வண்டிக்குச் செய்தால் வாளையாரில் ஆவி பறக்கும்.

முறையான வைத்தியம் ஸ்லீவ் போடுவதுதான். பழைய லைனரையும் அதைச் சுற்றிய அலுமினியத்தையும் குடைந்து எடுத்துவிட்டு, டக்டைல் அயர்னில் செய்த கனமான ஸ்லீவை இறக்குவது. அதன் தலையில் அகலமான விளிம்பு இருக்கும். நான்கு விளிம்பும் ஒன்றோடொன்றும் வெளிச்சுவரோடும் முட்டி நின்று அகழிக்குத் தாமே கூரையாகிவிடும். அமெரிக்காவின் டார்ட்டன் கம்பெனி எம்.ஐ.டி. என்ற பெயரில் விற்பது இந்த வகை. இதில் மாணவர்களுக்கு ஓர் அழகான கணக்கு இருக்கிறது. அலுமினியம் டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், இரும்பு சுமார் 11. 80 மி.மீ. துளையுள்ள பிளாக்கை 150 டிகிரி ஏற்றினால் துளை 0.27 மி.மீ. விரிகிறது, ஸ்லீவ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சரி, எஞ்சின் ஓடும்போது? இரண்டும் ஒரே மாதிரி 80 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 0.08-க்குப் பக்கம். குளிர்ந்த நிலையில் கொடுத்த இறுக்கம் அதைவிடக் குறைவு என்றால், சூட்டில் ஸ்லீவ் பிடி தளரும். நிஜத்தில் ஸ்லீவ் கூடுதலாகச் சூடாகும் என்பதால் நிலைமை கொஞ்சம் மேல். அதனால்தான் விளிம்புக்கு அடியில் ஸ்லீவ் உட்காரும் படி ஒழுங்காக இருக்க வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். என்னிடம் வரும் பத்துப் பையன்களில் ஏழு எட்டுப் பேருக்கு இதில் எதுவுமே தேவையில்லை என்றுதான் திருப்பி அனுப்புகிறேன். லைனர் விரிந்து வந்த பிளாக்குகளைப் பார்த்தால், பெரும்பாலும் குற்றவாளி நாக்கிங். பெட்ரோல் தானாக வெடித்துச் சம்மட்டி அடி அடித்தால் எந்த டெக்கும் தாங்காது. இக்னிஷன் டைமிங், மிக்சர், இன்டர்கூலர், ஹெட் போல்ட், நல்ல கேஸ்கட், இதையெல்லாம் முதலில் சரி செய்துவிட்டு, அப்புறமும் அழுத்தம் ஏற்றுவதாக இருந்தால் பிளாக்குக்கு வாருங்கள். நான் சொன்னதெல்லாம் டிராக் வண்டிக்கு. ரோட்டு வண்டியில் கம்பெனி கொடுத்த விவரம் மாறுகிற மாதிரி எதையும் செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடம் கொடுக்காது. போலீஸ்காரர் என் பட்டறைக்கு வருவதை நான் விரும்பவில்லை.

மேஸ்திரி 2016-ல் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். அந்தத் தம்பி இப்போது ஓசூரில் எஞ்சின் டெஸ்டிங்கில் இருக்கிறான். இந்த பிளாக்கைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. தகடு நான் அடித்த நிலையிலேயே உள்ளே இருக்கிறது, பார்க்கலாம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். சாப்பாட்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது. போர் டயல் கேஜும் கொண்டு வந்திருக்கிறேன், ஜீரோ வைத்திருக்கிறது. மாணவர்கள் வரிசையாக வந்து இரண்டாவது சிலிண்டரை அளந்து பாருங்கள். முதலில் கிராங்க் வாட்டத்தில், பிறகு குறுக்கே. கை துடைக்க பனியன் வேஸ்ட் அந்தப் பையில் இருக்கிறது.